பிராக் நகருக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

செக் குடியரசின் தலைநகரான பிராக், வல்தாவா ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த பழைய நகரம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் பல நகரங்கள் இடிந்துபோன நிலையில், இந்நகரத்தின் பெரும்பகுதி தப்பியது. அதனால் கோதிக், மறுமலர்ச்சி, பரோக் காலக் கட்டடங்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்பதை இன்றும் காண முடிகிறது. நகரத்தின் வரலாற்று மையத்தை யுனெஸ்கோ 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இவ்வளவு வளம் இருந்தும் முதன்முறை செல்பவர்கள் பலர் களைப்புடனும் சலிப்புடனும் திரும்புவதற்குக் காரணம், புகழ்பெற்ற இடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் அமைந்திருப்பதுதான். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, பழைய நகரச் சதுக்கம், கார்லொவா தெரு, சார்லஸ் பாலம், நெருடொவா தெரு ஆகியவற்றின் வழியே கோட்டைக்கு ஏறும் பாதை, பொஹீமிய (இன்றைய செக் நாட்டின் பழைய அரசு) மன்னர்கள் முடிசூட்டு விழாவுக்கு ஊர்வலமாகச் சென்ற ‘அரச பாதை’. ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில்தான், காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, வந்த பயணிகளில் பெரும்பாலோர் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கிறார்கள். அதிக விலை கேட்கும் உணவகங்களும், குறைந்த மதிப்புக்குப் பணம் மாற்றித் தரும் கடைகளும் அங்கேயே குவிந்திருக்கின்றன. நடக்கும் திசையை மாற்றி, நேரத்தையும் சற்று முன்னதாகவோ பின்னதாகவோ வைத்துக்கொண்டால் இதே இடங்களை நிதானமாகப் பார்க்கலாம். கீழே சொல்லப்படும் யோசனைகளில் முக்கியமானவை இந்த ஓர் ஏற்பாட்டைச் சார்ந்தவை.

விசாவும் பயணக் காலமும்

இந்தியக் கடவுச்சீட்டோ இலங்கைக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பொது விசா) தேவை. பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதியுடன் வாழ்பவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. கடவுச்சீட்டும் செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் போதும். பல நாடுகளைச் சேர்த்துப் பார்ப்பவர்கள், எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பம் ஏற்கப்படும். கடைசி வரம்பு 15 நாள். கோடை விடுமுறைக் காலத்தில் நேர்காணல் தேதி கிடைப்பதே கடினம் என்பதால், மூன்று மாதம் முன்னதாகவே இந்த வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோவாக உள்ளது. நடுவில் லண்டன் சென்று மீண்டும் ஷெங்கன் பகுதிக்குத் திரும்பும் திட்டம் இருந்தால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழையும் அனுமதியைக் கேட்டுப் பெற மறக்க வேண்டாம்.

எந்த மாதத்தில் செல்வது என்று கேட்பவர்களுக்கு மே மாதத்தையும் செப்டம்பர் மாதத்தையும் சொல்வேன். பகல் நீளமாக இருக்கும். வெயில் கடுமையாக இராது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் நெருக்கடியும் இராது. டிசம்பரில் பழைய நகரச் சதுக்கத்தில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கத்தக்கது என்றாலும், அப்போது மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் ஒரே தடிமனான கோட்டை நம்புவதைவிட உள்ளாடை, கம்பளிச் சட்டை, காற்றுப் புகாத மேலாடை என அடுக்கடுக்காக அணிவது நம்மைப் போன்ற வெப்ப நாட்டவர்களுக்கு நன்றாக உதவும். எந்தப் பருவமானாலும் கெட்டியான அடிப்பாகம் கொண்ட காலணி கட்டாயம் வேண்டும், ஏனெனில் பழைய நகரத்தின் தெருக்கள் முழுவதும் சிறு கற்கள் பதிக்கப்பட்டவை.

பணம்: கொருனாவும் யூரோவும்

செக் குடியரசு 2004 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் யூரோ அல்ல, கொருனா. சில கடைகள் யூரோவை வாங்கிக்கொள்ளும். ஆனால் அவர்கள் வைக்கும் மாற்று மதிப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்காது. நம் ஊர்களில் கொருனா நோட்டு எளிதில் கிடைப்பதில்லை என்பதால், வெளிநாட்டில் பயன்படும் வங்கி அட்டை ஒன்றையும் அவசரத்திற்குக் கொஞ்சம் யூரோவையும் எடுத்துச் செல்வதே வசதி. கிளம்பும் முன்பே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைத்து, தொடாமல் பணம் செலுத்தும் வசதியையும் இயக்கிவிட வேண்டும். நகரத்தில் ட்ராம் வரை அட்டையைக் காட்டியே பணம் செலுத்தலாம்.

பணமாக எடுக்க வேண்டியிருந்தால் வங்கிகளுக்குச் சொந்தமான ஏ.டி.எம். இயந்திரங்களையே பயன்படுத்துங்கள். செஸ்கா ஸ்போர்ஷிட்டெல்னா, கொமெர்ச்னீ பாங்கா ஆகியவை அங்குள்ள பெரிய வங்கிகள். சுற்றுலாத் தெருக்களில் கண்ணில் படும் தனியார் இயந்திரங்களில் கட்டணம் அதிகம். எந்த இயந்திரமானாலும், தொகையை ரூபாயிலோ யூரோவிலோ கணக்கிட்டுத் தருவதாகத் திரையில் ஒரு கேள்வி வந்தால் அதை மறுத்து, கொருனாவிலேயே கணக்கிடச் சொல்ல வேண்டும். அந்த வசதியை ஏற்றுக்கொண்டால் மாற்று மதிப்பை இயந்திரத்தின் உரிமையாளரே தீர்மானிப்பார். கடைகளில் அட்டை இயந்திரம் கேட்கும்போதும் இதே விதிதான்.

தெருவில் நின்று ‘நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன்’ என்று அணுகுபவர்களிடம் ஒருபோதும் பணம் மாற்றக் கூடாது. மதிப்பிழந்த வேறு நாட்டு நோட்டுகளைத் திணிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். உண்மையான 100 கொருனா நோட்டில் நான்காம் சார்லஸ் பேரரசரின் உருவம் இருக்கும், 1,000 கொருனா நோட்டில் வரலாற்றாசிரியர் பாலட்ஸ்கியின் உருவம் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் ஏமாற வாய்ப்பில்லை. கடையில் மாற்றும்போது, எவ்வளவு கொருனா கையில் கிடைக்கும் என்று எழுதிக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகே பணத்தைக் கொடுங்கள். 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்புக்கு உட்பட்ட பணமாற்றத்தை மூன்று மணி நேரத்திற்குள் அதே கடையில் ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காக ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

துபாய், தோஹா, இஸ்தான்புல் வழியாக வருபவர்கள் வாட்ஸ்லாவ் ஹாவெல் விமான நிலையத்தின் 1ஆம் முனையத்தில் இறங்கி அங்கேயே குடிநுழைவுச் சோதனையை முடிக்க வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட், பாரிஸ் போன்ற ஷெங்கன் நகரங்களில் விமானம் மாறுபவர்களுக்கு அந்தச் சோதனை அங்கேயே நடந்துவிடும். பிராக்கில் 2ஆம் முனையத்தில் இறங்கி நேரே வெளியே வரலாம். ஆகவே விமானம் மாறுவதற்கான இடைவெளி ஒன்றரை மணி நேரத்திற்குக் குறைவாக உள்ள பயணச்சீட்டைத் தவிர்ப்பது நல்லது. விரல்ரேகையையும் முகப்படத்தையும் எல்லையில் பதிவுசெய்யும் புதிய முறை 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளதால், முதன்முறை நுழைபவர்களுக்கு வரிசையில் கூடுதல் நேரம் ஆகும்.

விமான நிலையத்திலிருந்து நகருக்கு நேரடி ரயில் இல்லை. முனையத்தின் வாசலிலிருந்தே புறப்படும் 59ஆம் எண் ட்ராலிபேருந்து, மெட்ரோவின் ஏ வழித்தடத்தில் உள்ள நாட்ராஷீ வெலெஸ்லவீன் நிலையத்தில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மெட்ரோவில் நகர மையத்தை அடைய மொத்தம் முக்கால் மணி நேரம் போதும், சாதாரண நகரப் பயணச்சீட்டே செல்லும். 100ஆம் எண் பேருந்து பி வழித்தடத்தின் ஸ்லிச்சீன் நிலையத்திற்குச் செல்கிறது. முதியவர்களுடனும் பெரிய பெட்டிகளுடனும் வருபவர்கள் செயலி வழியாக வாடகைக் கார் அழைப்பதே சிறந்தது; கட்டணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். சுற்றுலா இடங்களில் காத்து நிற்கும் டாக்சியில் விலை பேசாமல் ஏறுவது வேண்டாத செலவில் முடியும்.

எங்கே தங்குவது

பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டித் தங்க வேண்டும் என்றே பலரும் விரும்புகிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அறை வாடகை அதிகம், இரவு வெகுநேரம் வரை இரைச்சல் இருக்கும், வண்டி வாசல் வரை வராத தெருக்களில் பெட்டியைக் கல்தரையில் இழுத்துச் செல்ல வேண்டும். ஏ வழித்தடத்தில் நாம்யெஸ்தீ மீரு நிலையத்தைச் சுற்றியுள்ள வினோஹ்ராடி பகுதி, மரங்கள் அடர்ந்த அமைதியான குடியிருப்பு. அங்கிருந்து பழைய நகரம் மெட்ரோவில் சில நிமிடத் தொலைவுதான், கோட்டைக்குச் செல்லும் 22ஆம் எண் ட்ராமும் அதன் வழியாகவே வருகிறது. பி வழித்தடத்தில் உள்ள கார்லீன் பகுதியும் வசதியானது, அதுவும் சமதளமானது. பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி இருக்காது, கோடையிலும் குளிர்சாதன வசதி இருக்காது. இரண்டையும் முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

விடுதியில் கடவுச்சீட்டைக் கேட்பது வழக்கமான நடைமுறை. வெளிநாட்டவரின் வருகையைக் காவல்துறைக்குத் தெரிவிக்கும் பொறுப்பு விடுதிக்கு உண்டு. நகராட்சிக்குச் செலுத்த வேண்டிய சிறிய தொகை ஒன்றையும் தலைக்கு, இரவுக்கு என்று கணக்கிட்டு வாங்குவார்கள்.

முகவரியைத் தேடும்போது ஒரு விஷயம் குழப்பும். பிராக்கில் ஒவ்வொரு வீட்டிலும் சிவப்புப் பலகையில் ஒன்றும் நீலப் பலகையில் ஒன்றுமாக இரண்டு எண்கள் இருக்கும். சிவப்பு எண், அந்த வட்டாரத்தில் வீடு பதிவான எண். தெருவில் அடுத்தடுத்த வீட்டுக்கு அது வரிசையாக வராது. நீல எண்தான் தெருவின் வரிசை எண். முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண்ணை நீலப் பலகைகளில் தேடினால் இடம் உடனே கிடைக்கும்.

ட்ராம், மெட்ரோ, நடைப்பயணம்

மெட்ரோ, ட்ராம், பேருந்து மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டுதான். கட்டணம் தூரத்தைப் பொறுத்தது அல்ல, நேரத்தைப் பொறுத்தது. 30 நிமிடம், 90 நிமிடம், 24 மணி, 72 மணி என்று சீட்டுகள் கிடைக்கும். அந்த நேரத்திற்குள் எத்தனை வண்டி வேண்டுமானாலும் மாறலாம். மூன்று நாள் தங்குபவர்களுக்கு 72 மணி நேரச் சீட்டு வாங்கிவிடுவது நிம்மதி. காகிதச் சீட்டு வாங்கினால், மெட்ரோ நுழைவாயிலிலோ ட்ராமுக்குள்ளோ இருக்கும் மஞ்சள் பெட்டியில் முதல் பயணத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை முத்திரையிட வேண்டும். முத்திரையில்லாத சீட்டு, சீட்டே இல்லாததற்குச் சமம். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் இல்லாததால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தோன்றும். சாதாரண உடையில் வரும் பரிசோதகர்கள் பிடித்தால் அபராதம் ஆயிரம் கொருனாவுக்கும் மேல். கைபேசியில் வாங்க விரும்புபவர்கள் ‘பிட் லீட்டாச்கா’ செயலியைப் பயன்படுத்தலாம்.

மெட்ரோவில் பச்சை நிற ஏ, மஞ்சள் நிற பி, சிவப்பு நிற சி என்று மூன்றே வழித்தடங்கள். மூஸ்தெக், முசேயும், ஃப்ளோரென்ட்ஸ் ஆகிய மூன்று நிலையங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். நகர்படிகள் நம் ஊர் மெட்ரோவில் இருப்பவற்றைவிட வேகமானவை. நாம்யெஸ்தீ மீரு நிலையத்தில் உள்ளவை 87 மீட்டர் நீளம் கொண்டவை என்பதால், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள், வலப்பக்கம் நின்று இடப்பக்கத்தை நடப்பவர்களுக்கு விடுங்கள். நள்ளிரவில் மெட்ரோ நின்றபின் 91 முதல் 99 வரை எண்ணிட்ட இரவு ட்ராம்கள் ஓடுகின்றன.

தெருவைக் கடப்பதில் கவனம் தேவை. வரிக்கோட்டுக் கடப்பில் கார்கள் உங்களுக்காக நிற்கும், ட்ராம் நிற்காது. செக் சட்டப்படி பாதசாரியைவிட ட்ராமுக்கே முன்னுரிமை. வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், நாம் பழகியபடி வலப்புறம் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்குவது ஆபத்து.

முதல் நாள்: மேலிருந்து கீழே

அரச பாதையைத் தலைகீழாகத் தொடங்குங்கள். காலையில் 22ஆம் எண் ட்ராமில் ஏறி, கோட்டைக்கு முன்னதாக இறங்காமல் அதைத் தாண்டிச் சென்று பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால், மலையேறும் சிரமம் முழுவதும் மிச்சமாகும். அங்கிருந்து ஸ்ட்ராஹோவ் மடத்தின் முற்றத்தையும், அதன் கீழேயுள்ள சரிவிலிருந்து தெரியும் நகரத்தின் செந்நிறக் கூரைகளையும் பார்த்துவிட்டு, சமதளமாகவும் மெல்லிய இறக்கமாகவும் கோட்டைக்கு நடக்கலாம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் உருவான கோட்டை வளாகத்தின் முற்றங்களுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்ளேயுள்ள கட்டடங்களுக்குத்தான் சீட்டு. வளாகம் காலை ஆறு மணிக்குத் திறக்கும், கட்டடங்கள் ஒன்பது மணிக்குத் திறக்கும். நுழைவாயில்களில் பைகளைச் சோதிக்க நேரலாம் என்பதால், எட்டரை மணிக்கெல்லாம் உள்ளே இருந்துவிட்டு ஒன்பது மணிக்குப் புனித விட்டஸ் பேராலயத்தின் வாசலில் நிற்பது என் பரிந்துரை. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வழிபாடு நடப்பதால் பயணிகளுக்கு நண்பகலுக்குப் பிறகே அனுமதி.

பேராலயத்தின் பணி 1344இல் தொடங்கி 1929இல்தான் முடிந்தது. கிழக்குப் பகுதி பதினான்காம் நூற்றாண்டில் பெரும்பாலும் கட்டடக் கலைஞர் பீட்டர் பார்லர் எழுப்பியது. நீங்கள் நுழையும் மேற்கு முகப்போ பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. உள்ளே இடப்பக்கத்தில் அல்ஃபோன்ஸ் முகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின் மீது காலை வெளிச்சம் நேராகப் படாது. ஆகவே அதைப் பார்த்துவிட்டு அவசரப்பட்டு வெளியேறாமல், தென்புறத்தில் உள்ள வென்செஸ்லாஸ் சிற்றாலயத்தின் முன் நேரம் செலவிடுங்கள். மணிக்கற்கள் பதித்த அதன் சுவர்கள் இந்த நாட்டின் காவல் புனிதருக்காக எழுந்தவை.

அடுத்து, அதே சீட்டில் பார்க்கக்கூடிய பழைய அரண்மனைக்குச் செல்லுங்கள். விளாடிஸ்லாவ் மண்டபத்தின் வளைந்தோடும் விதான வரிகளைப் பார்த்தபின், அதன் பக்கத்தில் உள்ள பொஹீமியச் செயலகத்தின் அறைக்குள் செல்ல வேண்டும். 1618 மே 23 அன்று, சமய உரிமை மறுக்கப்பட்டதால் கொதித்தெழுந்த புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் அவர்களுடைய செயலரையும் அந்த அறையின் சாளரத்திலிருந்து வெளியே தள்ளினார்கள். மூவரும் உயிர் பிழைத்தனர்; ஆனால் ஐரோப்பாவைச் சீரழித்த முப்பதாண்டுப் போர் அந்த நிகழ்விலிருந்துதான் தொடங்கியது. இந்தச் சாளரத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையின் மறுபாதியைப் பழைய நகரச் சதுக்கத்தின் தரையில் பார்க்கப்போகிறீர்கள். தங்கத் தெரு எனப்படும் சிறு வீடுகளின் வரிசையை விரைவாகக் கடந்துவிடலாம். 22ஆம் எண் வீட்டில் ஃப்ரான்ஸ் காஃப்கா 1916–17இல் எழுதிக்கொண்டிருந்தார் என்பதே அதன் தனிச் சிறப்பு.

நண்பகல் நெருங்க, கீழிருந்து கூட்டம் ஏறிவரும் நேரத்தில், நீங்கள் நெருடொவா தெரு வழியே இறங்கத் தொடங்கலாம். 1770இல் வீடுகளுக்கு எண் இடப்படும் முன்பு ஒவ்வொரு வீடும் ஓர் அடையாளச் சின்னத்தால் அறியப்பட்டது. மூன்று பிடில்கள், இரண்டு சூரியன்கள் போன்ற அந்தச் சின்னங்கள் இந்தத் தெருவின் வாசல்களுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. கீழே மாலா ஸ்ட்ரானா பகுதியில், இன்று நாடாளுமன்ற மேலவை இயங்கும் வாலென்ஸ்டைன் அரண்மனையின் தோட்டம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கட்டணமின்றித் திறந்திருக்கும். மயில்கள் உலவும் அந்தத் தோட்டத்தில் மதிய நேரத்தைக் கழிப்பது முதியவர்களுக்கு இதமானது.

பாலத்தை எப்போது கடப்பது

சார்லஸ் பாலத்தை நண்பகலில் கடப்பது, எனக்குத் தெரிந்தவரை, இந்நகரத்தில் செய்யக்கூடிய மிக வீணான செயல். 516 மீட்டர் நீளமும் பத்து மீட்டருக்குள் அகலமும் கொண்ட பாலத்தில் அந்நேரத்தில் தலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது. கோடையில் காலை ஏழு மணிக்கு முன்பும், எந்தப் பருவத்திலும் இரவு வெகுநேரமான பின்பும் அது கிட்டத்தட்டக் காலியாக இருக்கும். ஆகவே முதல் நாள் மதியம் மாலொஸ்ட்ரான்ஸ்கா நிலையத்தில் மெட்ரோ ஏறி அறைக்குத் திரும்பிவிட்டு, மறுநாள் அதிகாலையில் பாலத்திற்கு மட்டும் தனியாக வாருங்கள்.

இங்கே முன்பிருந்த யூதித் பாலத்தை 1342இல் வெள்ளம் அடித்துச் சென்றது. நான்காம் சார்லஸ் 1357இல் புதிய பாலத்தைத் தொடங்கினார். இரு பக்கமும் நிற்கும் முப்பது சிலைகளில் பெரும்பாலானவை 1683க்கும் 1714க்கும் இடையில் வைக்கப்பட்டவை. இன்று காண்பவற்றில் பல, மூலச் சிலைகளைப் பாதுகாப்பாக எடுத்து வைத்தபின் நிறுவிய நகல்கள். எல்லோரும் தொட்டுச் செல்லும் புனிதர் நெபொமுக் ஜான் சிலைதான் எல்லாவற்றிலும் பழமையானது. 1393இல் மன்னரின் ஆணைப்படி அவர் இந்தப் பாலத்திலிருந்து ஆற்றில் வீசப்பட்டார்.

பழைய நகரமும் யூதர் குடியிருப்பும்

பாலத்திலிருந்து எட்டு மணிக்குள் பழைய நகரச் சதுக்கத்தை அடைந்துவிடலாம். நகர மன்றக் கோபுரத்தில் உள்ள வானியல் கடிகாரம் 1410இல் உருவானது. காலை ஒன்பது முதல் இரவு பதினொன்று வரை, ஒவ்வொரு மணிக்கும் மேலே இரு சிறு சாளரங்களில் பன்னிரு சீடர்களின் உருவங்கள் நகர்ந்து செல்லும். அது ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அந்த நேரத்தில் எல்லோரும் அண்ணாந்து நிற்பதால் பணப்பையைத் திருடுபவர்களுக்கு அதுவே உகந்த வேளை. மணியடித்துக் கூட்டம் கலைந்தபின் அருகில் சென்று முகப்பைப் படிப்பதுதான் பயனுள்ளது. ரோமன் எண்கள் இன்றைய நேரத்தைக் காட்டும். வெளிவளையத்தில் உள்ள பொன்னிற எண்கள், சூரியன் மறைவதிலிருந்து நாளைக் கணக்கிட்ட பழைய செக் நேரத்தைக் காட்டும். சூரிய உதயத்திலிருந்து மறைவு வரையிலான பகலைப் பன்னிரண்டாகப் பகுக்கும் வளைகோடுகளும் உண்டு. அதனால் கோடையில் அந்த மணி நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். உள்ளே சுழலும் சிறிய வளையம் பன்னிரு ராசிகளின் சக்கரம். அதன்மீது சூரியனும் சந்திரனும் எந்த ராசியில் நிற்கின்றன என்பதை நம்மவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் படித்துவிடலாம்.

அதே கோபுரத்தின் கிழக்குப் பக்கத் தரையில் 27 வெண்சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கும். பலரும் கவனிக்காமல் அவற்றின் மீதே நடந்து செல்கிறார்கள். கோட்டையில் சாளரத்தின் வழியே தள்ளிய கலகம் 1620 நவம்பரில் வெள்ளை மலைப் போரில் தோற்றது. 1621 ஜூன் 21 அன்று அதன் தலைவர்கள் 27 பேர் இந்த இடத்தில் கொல்லப்பட்டனர்.

சதுக்கத்திற்குத் தெற்கே, சற்று நடந்தால் எஸ்டேட்ஸ் அரங்கு வரும். மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவான்னி’ 1787 அக்டோபர் 29 அன்று முதன்முதலாக மேடையேறியது இங்குதான். அதன் பக்கத்துக் கட்டடம், 1348இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தின் கரோலினும். தமிழ் இலக்கியத்தை ஐரோப்பிய வாசகர்களிடம் கொண்டுசேர்த்த அறிஞர் கமில் சுவெலபில் இந்நகரத்தில் பிறந்தவர். இப்பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். தமிழ் வாசகர் ஒருவர் அந்தக் கட்டடத்தின் முன் சிறிது நேரம் நிற்பது பொருத்தமானது என்றே கருதுகிறேன்.

சதுக்கத்திற்கு வடக்கே உள்ள யோசெஃபோவ் எனும் யூதர் குடியிருப்புக்குத் தனியாக அரை நாள் ஒதுக்க வேண்டும். சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் அங்குள்ள தொழுகைக்கூடங்கள் பயணிகளுக்கு மூடியிருக்கும் என்பதால், பயணத்தின் நாட்களைத் திட்டமிடும்போதே இதைக் கணக்கில் கொள்ளுங்கள். ஏறத்தாழ 1270இல் எழுந்த பழைய–புதிய தொழுகைக்கூடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஆண்கள் தலையை மறைத்துச் செல்ல வேண்டும். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அங்கே உரக்கப் பேசாமலும், சுவர்களைப் பின்னணியாக்கித் தற்படம் எடுக்காமலும் இருப்பது நம் கடமை.

உணவு

செக் சமையல் மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் சார்ந்தது. சைவ உணவினர் உணவுப்பட்டியலில் ‘பெஸ்மஸா யீட்லா’ என்ற தலைப்பைத் தேட வேண்டும். அதன் கீழ் இறைச்சி இல்லாத உணவுகள் இருக்கும். ‘பெஸ் மஸா’ என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். பொரித்த பாலாடைக் கட்டியான ‘ஸ்மஷெனீ ஸீர்’ எங்கும் கிடைக்கும். பூண்டு மணக்கும் உருளைக்கிழங்கு அடையான ‘ப்ரம்போராக்’ நம் நாவுக்கு ஒத்துப்போகும். ஆனால் அதில் முட்டை சேர்ப்பார்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அது இறைச்சிச் சாற்றில் வேகவைத்ததாக இருக்கலாம், கேட்டுத் தெளிவது அவசியம். முட்டையையும் தவிர்ப்பவர்கள், நகரத்தில் பல இடங்களில் உள்ள இந்திய உணவகங்களையும் முழுத் தாவர உணவகங்களையும் நம்புவதே சரி.

இறைச்சி உண்பவர்கள், பாலாடைச் சுவைக் குழம்பில் மாட்டிறைச்சியும் மாவுருண்டைகளும் சேர்ந்த ‘ஸ்வீச்கொவா’வைச் சுவைக்கலாம். வார நாட்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை உள்ளூர் அலுவலர்களுக்காக வழங்கப்படும் ‘பொலெட்னீ மெனு’ எனும் மதிய உணவு, மாலை விலையைவிடக் கணிசமாகக் குறைவு. பழைய நகரச் சதுக்கத்தின் கடைகளில் தணலில் வாட்டும் பன்றி இறைச்சிக்கு எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கானது. வெட்டித் தரும் துண்டு அதைப்போல் பல மடங்கு எடையுள்ளதாக இருக்கும். வாங்கும் முன் எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். உணவகத்தில் கேட்காமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டிக்கும் விலை உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்கத்தக்கது, ஆகவே பாட்டிலை அறையிலேயே நிரப்பிக்கொள்ளலாம். சேவை நன்றாக இருந்தால் பத்து விழுக்காடு அன்பளிப்பு தருவது வழக்கம்.

உள்ளே நுழையும்போது ‘டோப்ரீ டென்’ என்று வணக்கம் சொல்வதும், கிளம்பும்போது ‘ட்யெகுயி’ என்று நன்றி சொல்வதும் இங்கே முக்கியம். முகம் இறுக்கமாக இருக்கும் கடைக்காரர்கூட அந்த ஒரு சொல்லுக்கு இளகுவார்.

மூன்றாம் நாள்

மெட்ரோ சி வழித்தடத்தில் விஷெஹ்ராட் நிலையத்தில் இறங்கி, ஆற்றுக்கு மேலே உள்ள பழைய கோட்டைமேட்டுக்குச் செல்லுங்கள். இசையமைப்பாளர்கள் ட்வோர்ஷாக், ஸ்மெட்டானா, ஓவியர் முகா ஆகியோரின் கல்லறைகள் அங்கே உள்ளன. கூட்டம் குறைவு, நுழைவுக் கட்டணம் இல்லை. நகரத்திற்கு வெளியே செல்ல விரும்பினால், ஒரு மணி நேர ரயில் தொலைவில் உள்ள குட்னா ஹோரா சிறந்த தேர்வு. வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த அந்த ஊரில், மனித எலும்புகளால் அலங்கரிக்கப்பட்ட ஸெட்லெட்ஸ் சிற்றாலயம் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலும், புனித பார்பரா ஆலயம் அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கின்றன.

பாதுகாப்பும் அவசர உதவியும்

பிராக் இரவிலும் அச்சமின்றி நடக்கத்தக்க நகரம். நெருக்கமான ட்ராமிலும் பாலத்திலும் பணப்பை திருட்டுதான் முக்கிய அபாயம். பையை முன்பக்கமாக அணியுங்கள். சாதாரண உடையில் வந்து, தன்னைக் காவலர் என்று சொல்லிக்கொண்டு பணப்பையைச் சோதிக்கக் கேட்பவரிடம் எதையும் கொடுக்காமல், 158 என்ற காவல்துறை எண்ணை அழைப்பதாகச் சொல்லுங்கள். மருத்துவ வண்டிக்கு 155, எல்லா அவசரத்திற்கும் பொதுவாக 112. மருந்தகங்களில் பச்சை நிறச் சிலுவை இருக்கும். வழக்கமான மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். நம் ஊரின் மூன்று உருண்டைக் கம்பிகள் கொண்ட செருகி அங்குள்ள மின்வாயில் பொருந்தாது, இரண்டு கம்பிகள் உள்ள மெல்லிய செருகி பொருந்தும்.

ஜனவரி 1, ஈஸ்டர் திங்கள், மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28, டிசம்பர் 25, 26 ஆகிய நாட்களில் பெரிய அங்காடிகள் சட்டப்படி மூடப்படும். அந்த நாட்களில் அங்கிருப்பவர்கள் முதல் நாளே பாலும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் நாள்

ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 கொருனாவுக்கு மேல் பொருள் வாங்கியிருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியே வசிப்பவர்கள் வரியின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். கடையில் அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, பொருளைப் பெட்டிக்குள் வைத்து ஒப்படைக்கும் முன்பே விமான நிலையச் சுங்கப் பிரிவில் முத்திரை பெற வேண்டும். பொருளைக் கையில் கொண்டு ஃப்ராங்க்ஃபர்ட் போன்ற நகரம் வழியாகத் திரும்புபவர்கள், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் அந்தக் கடைசி விமான நிலையத்தில் முத்திரை பெறுவார்கள். கையில் மிஞ்சும் கொருனா நாணயங்களை வேறெங்கும் மாற்ற முடியாது என்பதால் அவற்றை முந்தைய மாலையிலேயே செலவழித்துவிடுங்கள். வளைகுடா வழியே திரும்புபவர்களுக்கு 1ஆம் முனையத்தில் குடிநுழைவு வரிசையும் உண்டு. விமானம் புறப்படும் நேரத்திற்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கு சேரும்படி 59ஆம் எண் வண்டியில் ஏறிவிட வேண்டும்.